அங்கிக்கு மேல் ஒரு மாலை

முதலில் கத்தரிக்கோல் சத்தம்தான் கேட்டது.

கல்லூரி அரங்கத்தின் பக்கவாட்டு வாசலில் இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போட்டிருந்தார்கள். ஒன்றில் கறுப்பு அங்கிகள் மடித்து அடுக்கியிருந்தன. இன்னொன்றில் ஒரு பிளாஸ்டிக் தட்டு, ஈரத் துணி, கத்தரிக்கோல். பட்டம் வாங்க வந்த பெண்கள் வரிசையாகக் கையை நீட்ட, மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மேடம் மணிக்கட்டில் இருந்த கயிறுகளை வெட்டித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். சிவப்புக் கயிறு, மஞ்சள் கயிறு, திருப்பதியில் வாங்கிய கறுப்புக் கயிறு. நெற்றியில் இருந்ததை ஈரத் துணி துடைத்தது. துணி முழுக்க ரோஸ் நிறம் ஏறியிருந்தது.

எனக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். என் கழுத்தில் துளசிமணி மாலை. அதன் நுனியில் முருகன் டாலர். முந்தானையை இழுத்துத் தோள் இரண்டையும் போர்த்திக்கொண்டு நின்றேன். ஆடி மாதப் புழுக்கத்தில் அப்படிப் போர்த்திக்கொண்டு நிற்பவளை யாரும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்தார்கள்.

கத்தரிக்கோல் ஒவ்வொரு முறை மூடும்போதும் முந்தானையை இன்னும் இறுக்கிக்கொண்டேன். மாலை போனால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நைனா செத்துப்போவார்.

என்னைக் கேட்காத வேண்டுதல்

நைனா என்றால் அப்பா. அம்மையார்குப்பத்தில் எங்கள் வீட்டுப் பேச்சு பாதி தமிழ், பாதி தெலுங்கு. பவர்லூம் ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரைச் சென்னைக்குக் கொண்டுபோய், ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்து, வீட்டுக்குக் கூட்டிவந்த கதையை இங்கே போன வாரம் எழுதியிருந்தேன். அதில் ஒன்றை விட்டுவிட்டேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் அம்மா வேண்டிக்கொண்டது.

வேண்டிக்கொண்டது அம்மா, செய்ய வேண்டியது நான். "எம் பொண்ணு மால போட்டு, மஞ்சத் துணி கட்டி, ஆடிக் கிருத்திகைக்கு உன் மலைக்கு நடந்தே வருவா, முடி எறக்குவா" என்று திருத்தணி முருகனிடம் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். என் முடி, என் கழுத்து, என் கால். என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னாத்த கேக்கறது? உங்க நைனாதான? ஊரான் ஊட்டு நைனாவா?" என்றாள்.

நைனாவுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். "உள்ள டாக்டர் வெச்ச ஸ்பிரிங்கு கீது. நான் இருக்கறது அதால. உங்கம்மா போயி முருகனுக்கு வேல குடுத்துக்கினு வந்துகிறா" என்று கிண்டலடிப்பார். அம்மா முறைப்பாள். எனக்கு மாலை போட்ட அன்றும் நைனா கட்டிலில் படுத்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

மாலை போட்ட பிறகுதான் பட்டமளிப்பு விழாவுக்குத் தேதி வந்தது. எப்போதோ நடக்க வேண்டிய விழா, தள்ளித் தள்ளி ஆடி மாதத்தில் வந்து விழுந்திருந்தது. கூடவே உடை விதிகளும் வந்தன. சந்தன நிறப் புடவை, கறுப்புச் செருப்பு, அங்கி, தொப்பி. கயிறு, மாலை, பொட்டு, தலைத்துணி எதுவும் கூடாது.

அம்மா முருகன் சார்பில் பேரம் பேசினாள். மஞ்சள் புடவைக்குப் பதிலாக மஞ்சள் ஜாக்கெட் போதும். செருப்பு மேடையில் மட்டும் போட்டுக்கொள்ளலாம், இறங்கியதும் கழற்றிவிட வேண்டும். பொட்டை அழித்தால் பரவாயில்லை, வந்து வைத்துக்கொள்ளலாம். மாலை விஷயத்தில் மட்டும் அவள் இம்மியும் இறங்கி வரவில்லை.

அது அவளுடைய பிடிவாதம் மட்டும் இல்லை. நான் ஸ்கூல் படித்த காலத்தில் நடந்த ஒன்றைச் சொன்னால் உங்களுக்குப் புரியும்.

பாவாவின் கழுத்து

என் அத்தை மகனைப் பாவா என்று கூப்பிடுவேன். அப்போது அவருக்கு மீசை நன்றாக அரும்பிவிட்ட வயது. கிருத்திகைக்கு மாலை போட்டிருந்தார். விரதமோ என்னவோ, தறி நிற்காது. நைனாவின் ஷெட்டில்தான் வேலை. நான் நைனாவுக்கு டீ எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

அத்தை உள்ளே வந்தாள். பவர்லூம் ஷெட்டுக்குள் போனவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. அத்தை கத்தவில்லை. அழவும் இல்லை. நேராகப் பாவாவிடம் போனாள். இரண்டு கைகளாலும் அவர் கழுத்திலிருந்த மாலையைப் பிடித்து, தலைக்கு மேலாகத் தூக்கி எடுத்தாள்.

பாவா அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு தறியை நிறுத்தினார். அதைப் பார்த்து அடுத்த தறி நின்றது. அதற்கடுத்ததும் நின்றது. நைனா ஓடி வந்தார். யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. பாவாவின் அப்பா, எங்கள் மாமா, சேலை மூட்டையோடு கனகம்மாசத்திரம் பக்கம் வண்டியில் போனவர், லாரியில் அடிபட்டுப் போய்விட்டார் என்ற விவரமெல்லாம் அதற்கப்புறம்தான் வந்தது.

எங்கள் பக்கத்தில் மாலை கழுத்தைவிட்டு இறங்க இரண்டே வழி. மலையேறிச் சாமி பார்த்தபின் இறக்குவது ஒன்று. வீட்டில் சாவு விழுந்தால் தீட்டு என்று இறக்குவது இன்னொன்று. நடு விரதத்தில் ஒருவர் வெறும் கழுத்தோடு தெருவில் வந்தால், "என்ன ஆச்சு" என்று கேட்க மாட்டார்கள். "யாரு" என்றுதான் கேட்பார்கள்.

நான் பி.காம். படித்தவள். நீ இதையெல்லாம் நம்புகிறாயா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் அன்றைக்கு ஷெட்டில் டீ டம்ளரோடு நின்ற பெண் எனக்குள் இருந்தாள். அவளிடம் போய் இதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லிப் பாருங்கள்.

விழாவுக்கு என்னை வண்டியில் கூட்டிப்போனதும் பாவாதான். நைனா அலையக்கூடாது. அவரைத் தனியே விட்டு அம்மா வர முடியாது. திருத்தணி மலை கண்ணில் படும் திருப்பத்தில் பாவா வண்டியை ஓரம் கட்டி ஒரு கும்பிடு போட்டார்.

"ரேவதி, உள்ள எதுனா சொன்னாங்கன்னா எனுக்கு ஒரு போன் போடு. கேட்டாண்டயேதான் நின்னுகினு இருப்பேன்."

போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள் என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

"கைய எடுங்க மேடம்"

என் முறை வந்தது. கத்தரிக்கோல் வைத்திருந்த மேடம் எங்களுக்கு வருமான வரிப் பாடம் நடத்தியவர். என் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"ரேவதி, கழுத்துல என்னம்மா அது?"

"மாலைங்க மேடம். கிருத்திகைக்குப் போட்டது."

"கழட்டிப் பையில வெச்சுக்கோ. விழா முடிஞ்சதும் போட்டுக்கலாம்."

"கழட்டக் கூடாதுங்க மேடம்."

"ஒரு மணி நேரந்தானே? அதுக்குள்ள சாமி கோச்சுக்குமா?"

அவர் கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அவர் நெற்றியில் குங்குமமும் மேலே ஒரு கீற்று விபூதியும் இருந்தன. கழுத்தில் தாலிச் சரடு இருந்தது. அவருக்கு விதி இல்லை. விதி படிக்கிறவர்களுக்கு மட்டும்தான் போலிருக்கிறது.

சிரித்துக்கொண்டே எட்டி மாலையைத் தொட வந்தார். தலைக்கு மேலாகக் கழற்றத்தான் நினைத்திருப்பார். ஆனால் அந்தக் கையில் கத்தரிக்கோல் இருந்தது. எனக்கு அது மட்டும்தான் தெரிந்தது. இரண்டு கைகளாலும் மாலையைப் பொத்திக்கொண்டு பின்னால் போய், பின்னால் நின்றவள் காலை மிதித்துவிட்டேன்.

"கைய எடுங்க மேடம்" என்றேன். என் குரல்தான் அது. வாழ்க்கையில் அதற்கு முன்னால் எந்த ஆசிரியரிடமும் நான் அப்படிப் பேசியதில்லை.

வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. மேடத்தின் முகம் சுண்டிப்போனது. "அப்படி ஓரமா போய் நில்லு" என்றார்.

ஓரத்தில் ஏற்கனவே ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். என் வகுப்புத் தஸ்லீமா. அவள் அப்பா திருத்தணி மார்க்கெட் பக்கம் டெய்லர் கடை வைத்திருக்கிறார். புடவைக்கு ஏற்ற சந்தன நிறத்திலேயே தலைத்துணி தைத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

"உன்னையுமா?" என்றாள்.

"ஆங்."

உடைந்த நாற்காலிகளோடு

எங்கள் இரண்டு பேரையும் மேடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறையில் உட்கார வைத்தார்கள். உடைந்த நாற்காலிகள், பழைய பேனர்கள், ஒரு ஓட்டை மைக் ஸ்டாண்டு. அங்கி என்னவோ கொடுத்துவிட்டார்கள். எத்தனை பேர் வியர்வையோ, அதற்குமேல் பூச்சி உருண்டை வாசனை வேறு.

பிரின்சிபால் வந்தார். "எல்லாரும் ஒரே மாதிரி இருக்கணும்மா. அதுக்குத்தானே அங்கியே வெச்சிருக்கோம்" என்றார்.

"அங்கி போட்டுக்கினுதான் சார் இருக்கோம்" என்றாள் தஸ்லீமா. "இந்தத் துணியோடதான் மூணு வருஷம் கிளாஸுக்கு வந்தேன். பரீட்ச எழுதினேன். பாஸும் பண்ணேன். அப்பல்லாம் யாரும் ஒன்னும் சொல்லலியே சார். அது எங்க உரிம இல்லியா?"

குரல் நடுங்கவில்லை. தலைத்துணி ஊசியை மட்டும் விரலால் அழுத்திப் பிடித்திருந்தாள். பக்கத்தில் இருந்ததால் எனக்குத் தெரிந்தது.

அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "நீ எதுக்கும்மா இதுல? நீ நம்ம பொண்ணு. நீ கழட்டிட்டா அந்தப் பொண்ணையும் கேக்க வெச்சுடலாம்."

நம்ம பொண்ணு. அந்த வார்த்தை கத்தரிக்கோலைவிட என்னைப் பயமுறுத்தியது. என் கழுத்தை வைத்து அவள் தலையைத் திறக்கப் பார்க்கிறார்கள் என்று அந்த நொடியில் புரிந்தது.

"எங்க நைனாவுக்கு நெஞ்சுவலி சார்" என்றேன்.

"அதுக்கு?"

விளக்க முடியவில்லை. விளக்க வேண்டுமென்றால் நைனா செத்துப்போவார் என்று வாயால் சொல்ல வேண்டும். சொன்னால் நடந்துவிடும் என்று பயம். தலையைக் குனிந்துகொண்டேன். "அப்ப ரெண்டு பேரும் அப்பறமா ஆபீஸ்ல வந்து வாங்கிக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

நுழைவுத் தேர்வுகளில் மூக்குத்தியைக் கழற்று, தலைப்பின்னலை அவிழ் என்றெல்லாம் சோதிப்பார்கள். அங்கே காப்பியடித்துவிடுவோம் என்று பயம், சரி. பட்டம் வாங்குகிற இடத்தில் எதைக் காப்பியடிக்கப் போகிறோம்? எழுத வேண்டியதையெல்லாம் எழுதி முடித்துவிட்டுத்தானே வந்திருக்கிறோம்?

வெளியே இறைவணக்கம் பாடினார்கள். குத்துவிளக்கு ஏற்றுகிறார்கள் என்று மைக்கில் சொன்னார்கள். மேடையில் சாமி இருந்தது. நாங்கள் மட்டும்தான் மத அடையாளம்.

"பயமா கீதா?" என்று கேட்டாள் தஸ்லீமா.

"ஆங். உனக்கு?"

"எனக்கும்தான். எங்கம்மா, பிரச்சன வேணாம், கழட்டிடுன்னுதான் சொல்லி அனுப்பினாங்க. நானும் சரின்னுதான் வந்தேன். வாசல்ல கைய தூக்கினேன். கழட்ட வரல."

பெயர்களைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கைதட்டல். என் பெயர் வந்தது. கைதட்டல் இல்லை. மறுபடி என் பெயர். அரங்கம் அமைதியாக இருந்தது. ஊரில் செத்தவர் பெயரைச் சொன்னால்தான் கூட்டம் அப்படி அடங்கும். என் கை மாலையை இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது வீட்டில் என்ன நடக்கிறதோ, போன் வாசலில் கிடக்கிறதே என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தஸ்லீமா பெயருக்கும் அதேதான். அப்போது கூட்டத்திலிருந்து எங்கள் வகுப்புப் பெண்கள் யாரோ, "ரெண்டு பேரும் உள்ளதான் சார் கீறாங்க" என்று சத்தமாகச் சொன்னார்கள். சிறப்பு விருந்தினர் மைக் திறந்திருப்பது தெரியாமல், "ஏன், ஏன் வரல?" என்று கேட்டார். பெற்றோர்கள் பக்கம் சலசலப்பு.

அவ்வளவு பேர் முன்னால் காரணத்தைச் சொல்லப் பிரின்சிபாலுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வருமான வரி மேடம் வியர்க்க விறுவிறுக்க ஓடி வந்தார். "சீக்கிரம் வாங்க. மாலைய உள்ள தள்ளிக்கோ. எல்லாருக்கும் கடைசியா போங்க."

உள்ளே தள்ளிக்கொண்டேன். மேடைப் படியேறும்போது மாலை தானாக வெளியே வந்து விழுந்தது. மறுபடி தள்ளக் கை வரவில்லை. அப்படியே நடந்தேன். எந்த நேரமும் பின்னாலிருந்து ஒரு கை வந்து இழுக்கும் என்று தோள் கூசிக்கொண்டே இருந்தது. சிறப்பு விருந்தினர் சுருளைக் கொடுத்தார். டாலரைப் பார்த்தார். "நல்லா இரும்மா" என்றார். கேமரா வெளிச்சம் கண்ணில் அடித்தது. எனக்குப் பின்னால் தஸ்லீமா அதே தலைத்துணியோடு ஏறினாள். இந்த முறை கைதட்டல் நன்றாகவே கேட்டது.

வாசலில் போனை வாங்கியதும் வீட்டுக்குப் போட்டேன். "அம்மா, நைனா?"

"தூங்கிக்கினு கீறாரு. ஏன்டி உனுக்கு இப்பிடி மூச்சு வாங்குது?"

அங்கேயே மண்ணில் உட்கார்ந்து அழுதேன். பட்டம் கொடுக்கவில்லை போல என்று பாவா ஓடி வந்தார். என் கழுத்தைப் பார்த்தார். தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார்.

கிருத்திகையன்று மலையேறினேன். முடி இறக்கினேன். சன்னதி முன்னால் அம்மா மாலையைக் கழற்றினாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

கூரியரில் வந்தது

தீபாவளி கழிந்து, என் தலையில் முடி விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்த சமயம். நைனா அரை நாள் ஷெட்டுக்குப் போகத் தொடங்கியிருந்தார். கல்லூரியிலிருந்து கூரியரில் ஃபிரேம் போட்ட போட்டோ வந்தது. நைனாதான் ஆசையாக உறையைக் கிழித்தார்.

சிறப்பு விருந்தினர் சிரிக்கிறார். கையில் சுருள். தலையில் தொப்பியோடு நான். கழுத்தில் ஒன்றுமே இல்லை.

கம்ப்யூட்டரில் அழித்திருந்தார்கள். ஒரு மணிகூட விடாமல் துடைத்து, அந்த இடத்தில் வழவழவென்று தோலும் அங்கியும் போட்டிருந்தார்கள். மஞ்சள் ஜாக்கெட்டின் ஓரத்தைக்கூடச் சந்தன நிறமாக்கியிருந்தார்கள். என் முகத்திலிருந்த பயத்தை மட்டும் விட்டுவைத்திருந்தார்கள்.

சமையலறையிலிருந்து வந்த அம்மா போட்டோவைப் பார்த்தாள். என்னை அவள் பார்க்கவே இல்லை. நைனாவைத்தான் பார்த்தாள்.

நைனா போட்டோவை மடியில் வைத்துக்கொண்டு, அதில் என் கழுத்து இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"அன்னிக்கி கழட்டினியாமா?"

"இல்ல நைனா. போட்டோல அழிச்சிகிறாங்க. நான் கழட்டவே இல்ல."

ஸ்பிரிங்கைத் தட்டிக் காட்டிச் சிரித்தவருடைய கை மெதுவாக மேலே போய் இடது மார்பில் நின்றது. "கொஞ்ச நாளாவே இங்க புடிச்சிக்கினு கீது. வாயுன்னு நெனச்சிக்கினு யார்கிட்டயும் சொல்லல" என்றார். என்னை நிமிர்ந்து பார்த்தார். "அதானா?"

அன்றே பாவா வண்டி பிடித்தார். மறுபடி சென்னை. இன்னொரு அடைப்பு, இன்னொரு ஸ்டென்ட். நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அந்தப் போட்டோவைக் காட்டி முருகன்தான் நம்மைக் கிளப்பினான் என்றாள் அம்மா. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. முருகனுக்கு வேறு வேலை இல்லையா? யாரோ ஒரு ஆள் நாற்காலியில் உட்கார்ந்து, என் கழுத்தைத் திரையில் பெரிதாக்கி, மணி மணியாக அழித்திருக்கிறான். அழிக்கச் சொன்னது இன்னொரு ஆள். என் வீட்டில் அதற்கு என்ன அர்த்தம் என்று இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இருப்பதாகவும் அவர்களுக்குத் தோன்றியிருக்காது.

கல்லூரிக்குப் போன் செய்தேன். "எல்லாரோடதும் ஒரே மாதிரி வரணும்னு கரெக்‌ஷன் பண்ணாங்கம்மா. பழைய காப்பி எங்ககிட்ட இல்ல" என்றார் மேடம். தஸ்லீமாவுக்குப் போட்டோவே வரவில்லை. சரியாக விழவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். தலைத்துணியை அழித்தால் அந்த இடத்தில் முடி வரைய வேண்டுமே.

தஸ்லீமா நைனாவிடம் போனில் பேசினாள். "நான் பக்கத்துலயே இருந்தேன் அங்கிள். ரேவதி கழட்டல. எங்கம்மா மேல சத்தியமா கழட்டல."

"ஆங்மா. நீ சொன்னா சரிதான்" என்றார் நைனா. அவர் முகம் தெளிந்ததுபோல இருந்தது.

சில நாட்கள்தான். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை செக்கப்புக்குக் கிளம்பும்போதும் கேட்கத் தொடங்கினார். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, ஏதோ மறந்துபோனதைக் கேட்பவர்போலக் கேட்பார். அன்றைக்கு அரங்கத்தில் இருந்த அத்தனை பேரும் என் மாலையைப் பார்த்தார்கள். போனில் கேட்ட தஸ்லீமா குரலைத் தவிர, அவர்களில் ஒருவரையும் நைனாவுக்குத் தெரியாது. பாவாவோ கேட்டுக்கு வெளியிலேயே நின்றவர். அவர் கையில் இருப்பது அந்தப் போட்டோ ஒன்றுதான்.

இன்றைக்குக் காலையிலும் கேட்டார்.

"நெஜமா கழட்டலியே?"

"இல்ல நைனா."

"ஆங்."

நான் பதில் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்ப்பதில்லை. கழுத்தைத்தான் பார்க்கிறார்.